ஜெபமா, குளிசையா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கிறிஸ்தவ விசுவாசத்தையும் உளவியலையும் பற்றி எதையும் கேட்கலாம் என்று போன கிழமை எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, பெயரை விட்டு ஊரை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: திருகோணமலையில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் தொடங்கி இன்றுவரை உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். நான் வைத்தியர் இல்லை.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 22 வயது. யாரோ தன்னைப் பற்றிக் கதைப்பது காதில் கேட்கிறது என்றான். கிளினிக்கில் தந்த குளிசையில் நல்ல சுகம். பிறகு ஜெபக்கூட்டத்தில் "விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு" என்றார்கள், நிறுத்திவிட்டோம். இப்போது மூன்று நாளாக நித்திரை இல்லை. எங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதா?

அம்மா, அவசரமானதை முதலில் சொல்கிறேன். இன்றைக்கே மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எந்தத் தேதியில் குளிசையை நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், வைத்தியர் ஏசினாலும் பரவாயில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் குளிசையை நீங்களாகக் கூட்டிக் குறைத்துக் கொடுக்காதீர்கள்.

உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த வகை நோயில் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் ஒழுங்கு குழம்புகிறது. குளிசை அதைத்தான் சரிப்படுத்துகிறது. சுகம் வந்துவிட்டதே என்று நிறுத்தினால் நோய் திரும்பி வருவது மிகச் சாதாரணம். நீங்கள் செய்தது பாவமல்ல, பலர் செய்கிற பிழை.

எலியா தீர்க்கதரிசியின் கதையை ஒருதரம் வாசித்துப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழே கிடந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கடவுள் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூக்கம். கடவுள் கேள்வி கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த அடையைச் சாப்பிட்டதற்காக எலியாவை யாரும் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்வதில்லையே.

என்னிடம் வரும் ஒரு தம்பி, சிப் வைத்த வேதாகம உறைக்குள், சங்கீதப் பக்கங்களின் நடுவே குளிசை அட்டையை வைத்திருப்பான். அவன் சம்மதித்ததால் இதைச் சொல்கிறேன். முதலில் வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிப்பதற்குத்தான் அங்கே வைத்தானாம். இப்போது இரவு ஜெபத்துக்கு அதைத் திறக்கும்போதே குளிசை ஞாபகம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிறது.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவி: பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க விருப்பம். பிராய்ட் நாத்திகர், அதைப் படித்தால் விசுவாசம் போய்விடும் என்கிறார் அப்பா.

தங்கச்சி, அப்பா சொல்வதில் பாதி சரி. உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்ட் 1927இல் மதத்தை ஒரு மாயை என்றே எழுதினார். திக்கற்ற பிள்ளை தகப்பனைத் தேடுவதுபோல மனிதன் கடவுளைத் தேடுகிறான் என்பது அவர் வாதம். மற்றப் பாதியையும் அப்பாவிடம் சொல்லுங்கள். சுவிற்சர்லாந்தில் ஒஸ்கார் பிஸ்டர் என்றொரு போதகர் இருந்தார். 1909இலிருந்து பிராய்டோடு கடிதம் எழுதிப் பழகியவர், அவருடைய முறையைத் தன் போதகப் பணியிலேயே பயன்படுத்தியவர். 1928இல், பிராய்ட் நடத்திய சஞ்சிகையிலேயே அவருக்கு மறுப்பு எழுதினார். நட்பு முறியவில்லை. ஒருவருடைய கருவியை எடுத்துக்கொண்டு அவருடைய முடிவை மறுக்கலாம் என்பதை நான் பிஸ்டரிடம்தான் படித்தேன்.

அன்டன் பொய்சன் என்ற அமெரிக்கப் போதகரையும் தேடிப் படியுங்கள். 1920இல் அவரே மனநோயால் வைத்தியசாலையில் இருந்தவர். 1925இல் வூஸ்டர் அரச மனநல வைத்தியசாலையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு நாளாந்தம் பழகவைத்துப் பயிற்சி கொடுத்தார். இன்று உலகம் முழுக்க வைத்தியசாலைக் குருமார் பெறும் பயிற்சிக்கு அது ஒரு தொடக்கம். அவ்வளவு தூரம் ஏன், பக்கத்து மட்டக்களப்பில் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகள் உளவியல் படித்தவர். போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக 1996இல் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியதில் அவர் பங்கு பெரியது.

ஒன்றை மட்டும் கவனமாக வைத்திருங்கள். எல்லா வேதனைக்கும் நோயின் பெயர் வைக்கும் பழக்கம் உளவியலிலும் உண்டு. கணவனை இழந்து மூன்று மாதமாக அழுகிறவளுக்கு முதலில் தேவை பக்கத்தில் இருக்க ஒரு ஆள். வகுப்பில் அதை மறக்கவைத்தால் கையை உயர்த்திக் கேளுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஒரு யுவதி: ஜெபமாலை சொல்லும்போது மாதாவைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் மனதில் வருகின்றன. கிழமைக்கு மூன்று தரம் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். வெளியே வந்ததும், சரியாகச் சொல்லவில்லையோ என்று திரும்பவும் பயம். மன்னிப்பே இல்லை என்கிறார்களே, அந்தப் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் செய்துவிட்டேனா?

இல்லை பிள்ளை. அந்த வார்த்தைகள் உங்களுக்கு எவ்வளவு அருவருப்பாக இருக்கின்றன என்று பாருங்கள். அவை உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விரும்பாத எண்ணம் விடாமல் வருவதும், அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சேர்ந்ததை ஓசிடி என்பார்கள். சிலருக்கு அது கை கழுவுவதாக வரும், சிலருக்குக் கதவுப் பூட்டாக. பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வரும். இது திருச்சபைக்குப் புதிதல்ல. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இதே வேதனையை அனுபவித்தார். முன்பே அறிக்கையிட்ட பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அவருக்கு ஆறவில்லை. இந்த உறுத்தலுக்கு லத்தீனில் இருந்த சொல்லின் மூலப்பொருள் சின்னக் கூர்க்கல். செருப்புக்குள் அகப்பட்ட கல்லை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே விளங்கும்.

ஒவ்வொரு தரமும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடும்போது பயம் ஒரு மணித்தியாலம் அடங்கும். அந்த ஆறுதலே பயத்துக்குத் தீனி. ஆகவே சிகிச்சை நேர்மாறானது: எண்ணம் வரட்டும், தணிக்கும் செயலைச் செய்யாமல் இருங்கள். ஜெபமாலையில் எந்த மணியில் விரல் இருக்கும்போது அந்த வார்த்தை வந்ததோ, அங்கிருந்து அடுத்த மணிக்கே விரல் நகரட்டும். முதல் மணிக்குத் திரும்ப வேண்டாம். வார்த்தையை அழிக்க இன்னொரு ஜெபமும் வேண்டாம். முதல் நாட்களில் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இதைத் தனியாகச் செய்யாமல் பயிற்சி பெற்ற ஒருவரின் உதவியோடு படிப்படியாகச் செய்யுங்கள். சிலருக்குக் குளிசையும் தேவைப்படும். ஒரே ஒரு சுவாமியிடம் மட்டும் போங்கள், இந்த நோயை அவரிடம் சொல்லிவையுங்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை வரலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

பாவசங்கீர்த்தனமும் உளவளத்துணையும் ஒன்றுதானே? (இருவர் கேட்டது)

இல்லை. நான் யாருக்கும் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. குருவானவர் அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. நானும் இரகசியம் காப்பேன், ஆனால் ஒரு உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

சீனக்குடாவிலிருந்து ஒருவர்: ஜெபிக்கும்போது மனைவி கத்தி விழுகிறாள், குரல் மாறுகிறது. பேய் என்று சொல்லி ஓட்ட வரச்சொல்கிறார்கள்.

அண்ணா, யாரையும் அவர்மேல் கைவைக்க விடாதீர்கள். இலேசில் பேய் என்று நம்பிவிடாதே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் சடங்கு நூல் 1614இலேயே குருமாரை எச்சரித்தது. நோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் பேயோட்டக் கூடாது என்பதுதான் இன்றைய போதனையும். வலிப்பு நோயிலும் இப்படி நடக்கும். தாங்கமுடியாத பயத்தில் மனம் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்போதும் நடக்கும். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்புறம், அவர் தெளிவாக இருக்கும் ஒரு பின்னேரத்தில், என்ன பயம் என்று மெதுவாகக் கேளுங்கள்.

நகரத்திலிருந்து, ஊர்ப் பெயர்கூட வேண்டாம் என்ற ஒருவர்: தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்கு மோட்சம் இல்லை என்கிறார்கள். பூசை வைக்கலாமா?

வையுங்கள். பெயர் சொல்லியே வையுங்கள்.

1917இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. ஊரில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்து ஞாபகம். 1983இன் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், கடுமையான உளக் குழப்பமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது, அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நோயாளியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உளவியல் கற்றுக்கொடுத்தது, திருச்சபை காதுகொடுத்துக் கேட்டது. எனக்கு இந்த இரண்டு உலகமும் சந்தித்த இடங்களில் மிகவும் பிரியமானது இதுதான்.

உங்களுக்கும் யாராவது வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: சுனாமியில் பிள்ளையை இழந்தேன். இன்னும் கடவுளோடு கோபம். அது பாவமா?

ஐயா, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையை நானும் மறக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட முகாமில் உங்களைப்போல ஒரு கடற்றொழிலாளி இருந்தார். வள்ளம் போய்விட்டது, கிழிந்த வலை மட்டும் மிச்சம். அதை நாள்முழுக்கப் பொத்திக்கொண்டிருப்பார், யாரோடும் கதைக்கமாட்டார். நான் பக்கத்தில் இருந்து நூல் எடுத்துக் கொடுப்பேன். ஐந்தாம் நாள், "நான் இனி அவரோடு கதைக்கிறதில்லை" என்றார். 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். அது இருளிலேயே முடியும் சங்கீதம், கடைசியில்கூட ஆறுதல் வராது. "இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அழுதார்.

கெனத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் துன்பத்தில் மதம் எப்படி வேலை செய்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்பதிலேயே நீண்ட காலம் மாட்டிக்கொள்பவர்களின் மனமும் உடலும் கூடுதலாகச் சோர்வதை அந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே கோபத்தை உள்ளே பூட்டிவைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். கடற்கரையில் நின்று சத்தமாகச் சொன்னாலும் சரி.

திருக்கடலூரிலிருந்து ஒரு அக்கா: நாங்கள் சைவம். உங்களிடம் வந்தால் மதம் மாறச் சொல்வீர்களா?

மாட்டேன் அக்கா. அப்படிச் சொல்லும் உளவளத்துணையாளர் யாராக இருந்தாலும் எழுந்து போய்விடுங்கள். உடைந்துபோய் வந்திருப்பவரிடம் அதைச் செய்வது என் தொழிலுக்கும் துரோகம், என் விசுவாசத்துக்கும் துரோகம். கோணேசரை நீங்கள் எப்படிக் கும்பிடுகிறீர்கள், அது எப்போது ஆறுதல் தருகிறது என்று கேட்பேன், ஏனென்றால் உங்கள் பலம் அங்கே இருக்கலாம். வரும்போது நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.