காதுக்குள் சில்வண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன வருடத்திலிருந்து இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல ஓயாத இரைச்சல். ஈஎன்டி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "வயதுக்கு ஏற்ற லேசான கேட்புக் குறைவு இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். எப்படிப் பழகுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் சத்தமே கூடாது என்று ஆக்கிவிட்டேன். டிவி கிடையாது, பாட்டு கிடையாது. கணவரும் மகளும் ரகசியக் குரலில்தான் பேசிக்கொள்கிறார்கள். வெளியே போனால் காதில் பஞ்சு. தினமும் ராத்திரி, இன்றைய இரைச்சல் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் மார்க் போட்டு வைக்கிறேன்.

போன வாரம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் காதில் எதுவுமே கேட்கவில்லை. 'அட, நின்றுவிட்டதா?' என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியே திரும்ப ஆரம்பித்துவிட்டது. மறுநாள், மடித்துவைத்த துணிகளையே பிரித்துப் போட்டுத் திரும்ப மடித்துப் பார்த்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷத்தைத் தேடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இல்லையா?

கே.

*

அன்புள்ள கே.,

மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தீர்கள் என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எனக்கும் வலது காதில் நெடுநாளாக ஒரு விசில் உண்டு. அதனால் இதைச் சக சில்வண்டுக்காரனின் சிரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அந்த இரண்டு நாட்களிலேயே இருக்கிறது. முதல் நாள் நீங்கள் துணி மடித்தீர்கள். மறுநாள் செய்தது சிகிச்சை. கை துணியில் இருந்திருக்கும், கவனம் முழுக்கக் காதில் இருந்திருக்கும். இப்போது இருக்கிறதா, இப்போது குறைந்ததா என்று ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் உள்ளே எட்டிப் பார்த்திருப்பீர்கள். பல் ஆடும்போது நாக்கு சும்மா இருக்காதே, அதுபோலத்தான். எட்டிப் பார்த்தால் அது இருக்கத்தான் செய்யும். எட்டிப் பார்ப்பதே அதை இழுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை.

ஆகவே சின்ன இன்பங்களைத் தேடச் சொல்பவர்களோடு எனக்கும் ஒரு தகராறு உண்டு. அவர்கள் அதை ஒரு மருந்துச் சீட்டுபோல எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வேளை ரசி, நோய் போய்விடும் என்கிற தோரணை. ரசித்துவிட்டுக் குறைந்ததா என்று பார்த்தால் ரசனையும் கெடும், இரைச்சலும் கூடும். அதற்காக அந்தத் துணி மடித்த நேரத்தைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் நீங்கள் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தீர்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். எனக்குப் பயத்தைக் குறைத்தது ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை, இந்த விஷயம்தான். உள்காதில் நத்தைக்கூடு வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலியை நரம்புக்குப் புரியும் சேதியாக மாற்றுவது அவைதான். வயதாலோ பேரிரைச்சலாலோ அவற்றில் சில செத்துப்போகின்றன. பறவைகளுக்கு அவை திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. (குருவியைப் பார்த்துப் பொறாமைப்பட இப்படியும் ஒரு காரணம்.) அந்த இடத்திலிருந்து சேதி வருவது குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. ஏதோ வரவேண்டியது வரவில்லையே என்று தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டுகிறது. அப்படிக் கூட்டும்போது நரம்புகளிலேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சலசலப்பு நமக்கு ஒலியாகக் கேட்கிறது. முழுக் கதையும் இவ்வளவுதான் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் பாகம் இது.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை, வெளிச் சத்தம் நுழையாத அறையில் சில நிமிடங்கள் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ரீங்காரம், விசில், சில்வண்டு. அவர்களில் யாரும் நோயாளி இல்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, காதும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டை இப்போது யோசித்துப் பாருங்கள். டிவியை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, மனிதர்களின் குரலையும் தாழ்த்தி, கிட்டத்தட்ட அந்த அறையைத்தான் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதற்குள் உட்கார்ந்து ராத்திரி மார்க்கும் போடுகிறீர்கள். பஞ்சு வைப்பதும் அப்படித்தான். பட்டாசு, துளைபோடும் இயந்திரம், காதைப் பிளக்கும் கச்சேரி, இவற்றுக்குக் காதை அடைத்துக்கொள்வது சரி, அவசியமும்கூட. சாதாரணச் சத்தத்துக்கே அடைத்தால் மூளை இன்னும் வால்யூமைக் கூட்டும். அப்புறம் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் குத்த ஆரம்பிக்கும்.

எனவே முதலில் வீட்டாருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுங்கள். இது அவர்களுக்காக நீங்கள் செய்யும் தியாகம் ஒன்றும் இல்லை. வீட்டின் சாதாரணச் சத்தம் உங்கள் காதுக்குத் தேவை. 1990 வாக்கில் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் இந்த நோய்க்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். இரைச்சலைவிட, அதை மூளை ஆபத்து என்று முத்திரை குத்துவதுதான் துன்பம் என்பது அதன் சாரம். அதிலிருந்து வந்த சிகிச்சை முறையில் மெல்லிய பின்னணி ஒலி ஒரு முக்கியமான அங்கம். அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அந்தப் பின்னணி ஒலி இரைச்சலை மூழ்கடிக்கக் கூடாது. இரைச்சலும் கேட்க வேண்டும், அதைவிடச் சற்றுத் தணிந்து இதுவும் கேட்க வேண்டும். மூழ்கடித்துவிட்டால் மூளைக்குப் பழக எதுவும் இருக்காது. ராத்திரிக்கு ஃபேன் சத்தமே போதும். ஃபேன் வேண்டாத குளிர்காலத்தில், மழைச் சத்தத்தைப் போனில் மெல்ல ஓடவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

இனி, சந்தோஷத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். நோய் வருவதற்கு முன்பும் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கேட்டதில்லை. முதலில் கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும், ஊசி முனையால் தட்டுவதுபோலச் சின்னச் சின்ன டிக், டிக். அப்புறம் அது சேர்ந்து ஓர் இரைச்சலாக ஏறும். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள் மேலே வரும் வழியில், இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டு நொறுங்குகிற சத்தம் அது. சத்தம் உச்சத்துக்குப் போய், இதோ கொதிக்கப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று தணிந்துவிடும். தண்ணீர் முழுவதும் சூடேறிவிட்டது, இனிக் குமிழ் நொறுங்காது, மேற்பரப்பு வரை வந்து உடையும். தளபுளா என்கிற கனத்த குரல் அப்போதுதான் வரும். கொதிக்கும் தண்ணீரைவிடக் கொதிக்கப்போகும் தண்ணீர்தான் அதிகம் கத்துகிறது. சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, இப்போது அடுப்பை அணைக்கலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியும். வீட்டில் யாரும் இதைப் பெரிய திறமையாக மதிப்பதில்லை.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதும் அப்படி ஒன்று. நிரம்ப நிரம்ப உள்ளே காற்று நிற்கும் இடம் குறுகுகிறது, சுருதி ஏறிக்கொண்டே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துவரை வந்ததும் குழாயை மூட முடிகிறதா என்று பாருங்கள். முதலில் மேடையெல்லாம் தண்ணீராகும். பரவாயில்லை.

இவையெல்லாம் காதின் சந்தோஷங்கள். காது கெட்டவனுக்குக் காதிலேயே சந்தோஷம் என்பது கொஞ்சம் வீம்பாகப் படலாம். ஆனால் உங்கள் காது உங்களுக்கு எதிரியாகிவிட்டது என்ற எண்ணம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அது இன்னமும் நல்ல விஷயங்களையும் கொண்டுவந்து சேர்க்கிற உறுப்புதான் என்பது மறந்துபோகக் கூடாது.

காது வேண்டாம் என்றால் கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது. உங்கள் துணிக்கே வருவோம். வெயிலில் காய்ந்த துணிக்கு ஒரு வாசனை உண்டே, ஈரத் துணியில் வெயில் படும்போது உண்டாகும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைச் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. வாசனைத் திரவியங்களில் இருப்பவைதான். நிழலில் காய்ந்த துணியில் அது வராது. அந்த வாசனையும், துணியில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பும், ஓரத்தோடு ஓரம் சேரும் நேர்த்தியும் சேர்ந்துதான் அன்று உங்களைப் பிடித்து வைத்திருந்தன. பொத்தான் தைப்பது, பேனா கழுவுவது, அலமாரியில் ஒரே ஒரு தட்டை மட்டும் ஒழுங்குசெய்வது, எல்லாமே இந்த இனம்தான். மூளையை முழுக்கக் கேட்காத, ஆனால் கையைச் சும்மா விடாத வேலைகள். ரொம்பச் சுலபமான வேலை என்றால் மனம் காதுக்கு ஓடிவிடும். ரொம்பக் கஷ்டமானது என்றால் எரிச்சல் வரும், எரிச்சலோடு இரைச்சலும் ஏறும். போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கை அசைகிறதே தவிர அதற்கு வேலை இல்லை.

அந்த நோட்டை எடுத்து வையுங்கள். கிழிக்க வேண்டாம், கிழிப்பதும் ஒரு சடங்காகிவிடும். ஏதாவது கணக்கு எழுதப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டாக்டருக்குத் தேவை என்றால், தூக்கம் எப்படி, வேலை ஓடுகிறதா என்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வரி போதும். மார்க் போடும் ஒவ்வொரு ராத்திரியும், தூங்கப்போகும் முன் காதுக்குள் போய்த் தேடச் சொல்லி உங்களுக்கு நீங்களே பயிற்சி கொடுக்கிறீர்கள். நன்றியுணர்வு டைரி எழுதச் சொல்லி யாராவது வந்தால் அதற்கும் இதே பதில்தான்.

பீத்தோவனுக்கும் காதிரைச்சல் இருந்ததே என்று உங்களிடம் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பலர் சொன்னார்கள். அவர் சிம்ஃபனி எழுதினார் என்பதால் நமக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. 1801-இல் வெகெலர் என்ற டாக்டர் நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் மட்டும் எனக்கு முக்கியம். இரவும் பகலும் காதில் இரைச்சல், ஏறக்குறைய இரண்டு வருடமாக மனிதர்கள் கூடும் இடத்தையே தவிர்க்கிறேன், இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று அதில் கேட்டுக்கொள்கிறார். அவருக்கு அப்போது வயது முப்பது. ஒளித்து வைக்கிற அந்த உழைப்பு அவரை எவ்வளவு அரித்திருக்கும்! உங்கள் வீட்டில் இது ரகசியம் இல்லை என்பது நல்லது. ஆனால் 'சத்தம் போடாதீர்கள்' என்று மட்டும்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மகளை உட்காரவைத்து அது எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். வாயால் செய்து காட்டுங்கள். இருவரும் சிரித்தால் இன்னும் நல்லது.

மோசமான நாட்கள் வரத்தான் செய்யும். தூக்கம் கெட்ட மறுநாள், ஜலதோஷம் பிடித்த வாரம், மனதில் ஏதாவது கவலை ஓடும் நேரம். அப்போது தண்ணீர் கொதிப்பதையெல்லாம் ரசிக்க முடியாது. ரசிக்கவும் வேண்டாம். எரிச்சல்படுங்கள், சீக்கிரம் படுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ரசிக்க முடியவில்லையே என்று அதற்கும் ஒரு கவலை சேர்த்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இரண்டு மருத்துவ விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். இந்த இரைச்சலை நிறுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. விளம்பரத்தில் யார் என்ன சொன்னாலும் பணத்தைக் கொட்டாதீர்கள். ஆனால் கேட்புக் குறைவு இருப்பவர்களில் பலருக்குக் காது மெஷின் உதவுகிறது. வெளிச் சத்தம் சரியாக உள்ளே வந்தாலே இரைச்சல் பின்னுக்குப் போய்விடும். உங்கள் அளவுக்கு அது தேவையா என்று ஆடியோகிராமை, அதாவது கேட்புச் சோதனையின் வரைபடத்தை, காட்டிக் கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் பேசிப் பேசி, நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளும் சிபிடி என்ற சிகிச்சை முறையும் இதற்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. இரைச்சல் அளவு அப்படியே இருந்தாலும் அது தரும் அவதி குறைகிறது.

இன்னொன்று, எப்போதாவது ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால், நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம். நாடித் துடிப்போடு சேர்ந்து தட்டுகிற சத்தமாக மாறினாலும், ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் கூடிக்கொண்டே போனாலும், தலைசுற்றல் சேர்ந்துகொண்டாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். போகும்போது, பழகுவது எப்படி என்ற அந்தக் கேள்வியையும் இந்தத் தடவை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.