அந்த ‘ஏதோ’ பாட்டு

அன்புள்ள சார்,

பொங்கலுக்கு எல்லோரும் சேலத்தில் கூடியபோது வழக்கமான சண்டை ஆரம்பித்தது. எந்தப் பத்தாண்டின் சினிமாப் பாட்டு உசத்தி? என் மாமனார் அறுபதுகள் கட்சி: டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ். நான் எண்பதுகள்: ராஜா சார், எஸ்.பி.பி., ஜானகி. மைத்துனன் தொண்ணூறுகள்: ரஹ்மான், ஹரிஹரன், சித்ரா. ராத்திரி ஒரு மணி வரை போனது. அவரவர் இளமையில் கேட்டதுதான் அவரவருக்கு உசத்தியா, அல்லது உண்மையிலேயே ஒரு காலம் மற்றதைவிட மேலானதா? கண்ணதாசனுக்குப் பிறகு பாட்டு வரிகள் தரம் இறங்கிவிட்டன என்று மாமனார் சொல்வதை ஏற்கிறீர்களா? அம்மாவைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னோம். அவருக்கு இசையைப் பற்றியெல்லாம் தெரியாது, எது போட்டாலும் கேட்பார். ஏதோ பாடிக்கொண்டே மறுநாள் குழம்புக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அதனால் தீர்ப்பை உங்களிடம் விடுகிறோம்.

எம்.
சேலம்

அன்புள்ள எம்.,

போன தை வெள்ளிக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் குழாய் கட்டினார்கள். விடிகாலை நாலரை மணிக்கு ‘கற்பூர நாயகியே கனகவல்லி’ ஆரம்பித்தது. தூக்கம் போய்விட்டது. படுத்தபடியே அதைப் பாடிய எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை இன்னும் அடங்கவில்லை, அதற்குள் உங்கள் கடிதம். இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். இளமையில் கேட்ட பாட்டு மனசில் ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. கண்ணதாசன் 1981இல் போனதோடு தமிழ்ப் பாட்டில் வரி வற்றிவிட்டது என்று உங்கள் மாமனார் சொல்வது அவருடைய துக்கம். துக்கத்தோடு வாதாடக் கூடாது. விட்டுவிடுங்கள்.

பத்தாண்டுக் கணக்கு எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. சேர்ந்து இசையமைத்துவந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள். உங்கள் மாமனாரின் அறுபதுகளே நடுவில் பிளந்து கிடக்கிறது. இளையராஜா வந்தது 1976. ரஹ்மான் வந்தது 1992. பஞ்சாங்கம் பார்த்துப் பூஜ்யத்தில் முடியும் வருஷத்தில் யாரும் வரவில்லை. அப்புறம், இவர்கள் ஆளுக்கொரு தீவில் உட்கார்ந்திருந்தவர்களும் இல்லை. ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். ரஹ்மான் சின்ன வயதிலேயே இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தார். 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், ஊரை விட்டு அகதியாகப் போகிறவர்களின் பாட்டை ரஹ்மானுக்காகப் பாடியது விஸ்வநாதன்தான். நீங்கள் மூன்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறீர்கள். அவர்கள் ஒரே வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

சரி, அது போகட்டும். உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னைத் தைத்துவிட்டது. ‘ஏதோ பாடிக்கொண்டே.’ அது என்ன ஏதோ?

மூன்று ஆண்கள் நள்ளிரவு தாண்டியும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டில் பாடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அவருக்குத்தான் இசை தெரியாது என்று முன்பின் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள். எழுதும்போது உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? மறுநாள் உங்கள் இலையில் விழப்போகிற மொச்சையை உரித்துக்கொண்டே பாடியிருக்கிறார். என்ன பாட்டு என்று காது கொடுத்துக் கேட்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எது போட்டாலும் கேட்பாராம். எதைப் போட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாராவது அவரைக் கேட்டீர்களா?

கோபப்படாதீர்கள். நானும் இப்படித்தான் இருந்தேன், ரொம்ப நாள்.

என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் வைத்துத் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியவர். பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய சட்டங்கள் இருக்கும். குச்சியைக் கை நிறைய அள்ளிச் சட்டத்தின் மேல் ஓட்ட வேண்டும், பள்ளத்துக்கு ஒன்றாகப் படியும். அதன்மேல் அடுத்த சட்டம். இப்படி நிறைத்து இறுக்கினால் ஒரு கட்டை. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது. காலையில் அவர்கள் இலங்கை வானொலியைத் திறந்தால் எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கட்டையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சென்னையைவிட இலங்கைதான் எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதற்குள் முதல் கட்டை இறங்கிவிட வேண்டும். அதுதான் அவர்களுடைய கடிகாரம்.

இலங்கை அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத என் அம்மாவுக்கு கே.வி. மகாதேவனுக்கும் விஸ்வநாதனுக்கும் வித்தியாசம் தெரிந்தது அப்படித்தான். அறிவிப்பைத் தவறவிட்டாலும் இரண்டு வரி கேட்டால் சொல்லிவிடுவார். நான் கல்லூரிக்குப் போய் ராகத்தின் பெயர் நாலைந்து கற்றுக்கொண்டு வந்து அவரிடம் பெருமையடித்திருக்கிறேன். ‘உனக்கென்னம்மா தெரியும்’ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. குச்சியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தத் திண்ணைக்கென்று ஒரு ரசனை இருந்தது. அதை நான் புரிந்துகொள்ள முப்பது வருஷம் ஆனது. ஆண்கள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்கிற தத்துவப் பாட்டும் சோகப் பாட்டும் வந்தால் அங்கே ஒரு முணுமுணுப்பு எழும். பாட்டு பிடிக்காமல் இல்லை. அழுகிற பாட்டுக்குக் கை மெதுவாகிவிடும். கை மெதுவானால் சாயங்காலம் ஒரு கட்டை குறையும், அந்தக் கூலியும் குறையும். ‘வேலையைக் கெடுக்க வந்துட்டான்’ என்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர்களுக்குக் கையைத் தூக்கிவிடுகிற பாட்டு வேண்டும். எல்.ஆர். ஈஸ்வரி பாட ஆரம்பித்தால் குச்சி ஓடும் சத்தமே மாறும். சரசரவென்று, தாளத்துக்குச் சரியாக. 1968இல் வந்த ‘எலந்தப்பழம்’ பாட்டை விடலைப் பையன்கள் ஒரு மாதிரி இளித்துக்கொண்டு பாடுவார்கள். எங்கள் திண்ணையில் அது வேலைப் பாட்டு.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. ஜானகி ‘மச்சானப் பாத்தீங்களா’ என்று ஆரம்பித்ததும் கைகள் நின்றுவிட்டன என்று அம்மா சொல்வார். சோகத்தில் இல்லை, திகைப்பில். ‘நம்ம களையெடுப்புப் பாட்டை எவனோ ரேடியோக்காரன்கிட்ட போய்க் கொடுத்துட்டான்’ என்றாளாம் ஒருத்தி. இளையராஜாவைப் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை. 1992இல் ‘சின்னச் சின்ன ஆசை’ வந்தபோது அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது, கட்டை அடுக்குவதை விட்டிருந்தார். மின்மினி பாடுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘பாவம், அந்தப் பிள்ளை கேக்குறது பூராம் காசில்லாம கிடைக்குறது.’ அந்தப் பாட்டுக்கு வைரமுத்துவும் அந்தப் படத்துக்கு ரஹ்மானும் தேசிய விருது வாங்கினார்கள். அம்மா சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் மூன்று பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். எல்.ஆர். ஈஸ்வரி எதில் இருக்கிறார்? எதிலும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர் வருவதில்லை. கேட்டால் ‘கிளப் டான்ஸ் பாட்டு’ என்பார்கள். ஒரு வார்த்தையில் ஒரு மனுஷியை ஓரங்கட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அவருடைய அம்மா நிர்மலா கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில் பின்வரிசையில் நின்றுதான் தொடங்கினார். கே.வி. மகாதேவன் 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 1961இல் ‘பாசமலர்’. ‘வாராயென் தோழி வாராயோ’ பாடாத கல்யாண வீடு தமிழ்நாட்டில் எங்கே இருந்தது? பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது மைக் செட்காரர் யாரும் சொல்லாமலே அந்தத் தட்டைத்தான் எடுத்து வைப்பார். உங்கள் அம்மா கல்யாணத்திலும் வைத்திருப்பார்கள். அறுபதுகளின் சிறந்த பாட்டு எது என்று உங்கள் மாமனார் பத்துப் பாட்டு சொல்லியிருப்பார். இது அதில் வந்ததா?

‘சிவந்த மண்’ படத்தின் ‘பட்டத்து ராணி’யை இன்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். 1969. சாட்டை விழுகிறது, குரல் துள்ளுகிறது, துள்ளிய இடத்திலிருந்து சுருதி பிசகாமல் அடுத்த வரிக்குள் இறங்குகிறது. மூச்சை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். வலியையும் மிடுக்கையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார். அதைப் பாடிக் காட்டச் சொன்னால் பெரிய பெரிய வித்துவான்களும் யோசிப்பார்கள். இதைக் கிளப் டான்ஸ் என்று ஒதுக்கினால் நாம் காதை எங்கே வைத்திருந்தோம்?

அப்புறம் அம்மன் பாட்டுகள். பிறப்பால் கிறிஸ்தவர் ஈஸ்வரி. தமிழ்நாட்டு மாரியம்மன் அத்தனை பேருக்கும் குரல் அவர்தான். ஆடி மாதம் எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் இறங்குகிற இடத்தில் ‘செல்லாத்தா’ கேட்கும். கூழ் காய்ச்சும் இடத்தில், தீச்சட்டி எடுக்கும் இடத்தில், சாமி வந்து ஆடுகிற பெண்ணின் காதில் அந்தக் குரல்தான். அறுபதுகள், எண்பதுகள் என்று பேசுகிறவர்களின் கணக்கில் இந்தப் பாட்டுகள் சேராது, சினிமாவில் வராததால். ஜனங்கள் அதிகம் கேட்ட பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஜனரஞ்சக இசையில் எது உசத்தி என்று என்ன பேச்சு? எனக்கு இது நிஜமாகவே புரியவில்லை, எம்.

2011இல் ‘ஒஸ்தி’ படம் வந்தது. டிவியில் அதன் ‘கலாசலா’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏதோ புத்தகத்தில் இருந்தேன். என் மகள் சத்தத்தைக் கூட்டினாள். அம்மா உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. முதல் வரி முடியவில்லை, உள்ளிருந்து குரல் வந்தது: ‘ஏலே, இது ஈஸ்வரி தொண்டைல்லா!’

நான் நம்பவில்லை. யாரோ புதுப் பெண் பாடியிருப்பாள் என்றேன். மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு ‘ஆச்சி சொல்றது சரி’ என்றாள். எழுபதைத் தாண்டிய ஈஸ்வரி. ‘பாசமலர்’ வந்து சரியாக ஐம்பது வருஷம். அம்மா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அவருடைய வலது கை தொடைமேல் கிடந்தது. விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இல்லாத சட்டத்தின் மேல் இல்லாத குச்சியை ஓட்டிக்கொண்டிருந்தார், பாட்டு முடியும் வரை.

உங்கள் அம்மாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. சேலத்தில் பிறந்தாரா, எங்கிருந்தாவது வந்தவரா, என்ன வேலை செய்துகொண்டு பாட்டுக் கேட்டவர், அந்தக் காலத்தில் அவர் வீட்டில் ரேடியோ இருந்ததா, பக்கத்து வீட்டு ரேடியோவா, எதையும் எழுதவில்லை. உங்கள் மாமனார் சொன்னதை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். அதைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். மன்னியுங்கள்.

இன்று போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மொச்சை இன்னும் கிடைக்கும், கையில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு நீங்களும் உரியுங்கள். எந்தப் பத்தாண்டு என்று அவரிடம் கேட்காதீர்கள். அன்றைக்குப் பாடிக்கொண்டிருந்தது என்ன பாட்டு என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். முழு வரியும் வேண்டும்.

அன்புடன்.