மாதம் 300 ரூபாய் பிடித்தம்: ஆசிரியர் மருத்துவக் காப்பீடு, கேள்வி பதில்

சங்கத்தில் காப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழக அரசு, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் கேட்கலாம்.

கேள்வி: தையில் எனக்குத் திருமணம். அப்பா அம்மாவுக்குக் காப்பீடு தொடருமா?

பதில்: தொடராது தம்பி. திருமணமாகாதவரைதான் பெற்றோர் குடும்பக் கணக்கில் வருவார்கள். மனைவி பெயரை உடனே சேர்த்துவிடுங்கள். 300 பிடிக்கிறார்கள் என்பதாலேயே எல்லோர் பெயரும் ஏறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அட்டையைப் பாருங்கள்.

கேள்வி: மாமியாரைச் சேர்க்கலாமா?

பதில்: முடியாது டீச்சர்.

கேள்வி: அக்கா அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியை. அங்கே சங்கம் பேரம் பேசித்தான் பிரீமியத்தில் யார் பங்கு எவ்வளவு என்று முடிவாகுமாம். நாம் ஏன் பேசக்கூடாது?

பதில்: அது பழைய கதை. 2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த சட்டம், பேச்சுவார்த்தையை அடிப்படைச் சம்பளத்தோடு நிறுத்திவிட்டது. காப்பீட்டுப் பங்கைப் பற்றிப் பேரம் பேசவே இடமில்லை. மாநில ஊழியர்கள் பிரீமியத்தில் சுமார் 12.6 சதவீதம் கட்ட வேண்டியதாயிற்று. நமக்கோ ஒப்பந்தம் என்பதே கிடையாது, அரசாணைதான். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் ஆனார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: பயமுறுத்துகிறீர்கள் ஐயா. மேற்கு வர்ஜீனியாவிலும் அந்த உரிமை இல்லை. ஆனாலும் 2018-இல் ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடிக்கிடந்தன. காப்பீட்டுக் கட்டண உயர்வு நின்றது, 5 சதவீதச் சம்பள உயர்வும் கிடைத்தது.

பதில்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 55 மாவட்டமும் சேர்ந்து நின்றதால் கிடைத்தது அது. இங்கே ஒரு வட்டாரத்திலேயே எத்தனை சங்கம், எண்ணிப் பாருங்கள். மேடையில் அமெரிக்காவை விடுங்கள், நம் கணக்கைச் சொல்லுங்கள். 2016 திட்டத்தில் 180 ரூபாய்க்கு 4 லட்சம் காப்பு. 2021 திட்டத்தில் 300 ரூபாய்க்கு 5 லட்சம். பிடித்தம் மூன்றில் இரண்டு பங்கு கூடியது, காப்பு கால் பங்குதான். குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் உண்டு என்பார்கள். அதையும் சேர்த்தே வாதாடுங்கள்.

கேள்வி: மாரடைப்பு. காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குத்தான் ஓட முடிந்தது. பணம் வருமா?

பதில்: ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். மருத்துவமனை பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசல் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அட்டையில் நோயாளி பெயர் இருக்கிறதா?

கேள்வி: மகனுக்கு 26 வயது, படிக்கிறான்.

பதில்: 25-ஓடு சரி.

கேள்வி: மாமனாரை?

பதில்: மாமியாருக்குச் சொன்னதேதான்.