ஆயாவிடம் பேசும் பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. போகிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போவதால், மதியத்திலிருந்து அவளுடைய ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம்தான் இருப்பாள். அவர் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆயாவிடம் ஓயாமல் பேசுகிறவள் பள்ளியில் வாயே திறப்பதில்லை. அ, ஆ எழுதச் சொன்னால் அழுகிறாள். வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள், டியூஷன் வையுங்கள் என்கிறார் டீச்சர். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

மாமியாரிடமே விடுங்கள். டியூஷன் வேண்டாம்.

ஓயாமல் பேசுகிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 4 முதல் 6 வயதுவரையுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள், கதை கேட்கும்போது மூளையை ஸ்கேனும் எடுத்தார்கள். பெரியவர்கள் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, குழந்தை ஒன்று சொல்ல, பெரியவர் பதில் சொல்ல, மறுபடி குழந்தை பேச, அது எத்தனை முறை நடந்தது என்பதுதான் மொழித் திறனோடு ஒட்டிவந்தது. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

இதோடு படப் புத்தகமும் சேரட்டும். 1988-ல் அமெரிக்க உளவியலாளர் வொயிட்ஹர்ஸ்டும் சக ஆய்வாளர்களும் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள்: வாசித்துக்கொண்டே போகாமல் கேள்வி கேளுங்கள், குழந்தை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடப் பேச்சில் பல மாதம் முந்திவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 4, 5 வயதில் பலன் சற்றுக் குறைவு. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு மாமியாருக்கு எழுத்து தெரியவேண்டியதில்லை, படம் போதும். "இது இன்னா பண்ணுது?" என்று கேட்கட்டும். பிள்ளை "மீனு" என்றால், "ஆமா, வலையில மாட்டுன சங்கரா மீனு. எப்டி மாட்டுச்சு?" என்று தொடரட்டும். நம் வடசென்னைப் பேச்சு இதற்கு எந்தவிதத்திலும் குறைந்ததில்லை. தெரிந்த மொழியில்தான் பிள்ளை காரணம் சொல்லும், கதை கட்டும். ஆயாவுக்கு வராத இங்கிலீஷைத் திணித்தால் அந்த வீட்டில் பேச்சே நின்றுவிடும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தை அடையாளம் காண்பதும், சொல்லுக்குள் இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்பதும் பின்னாளில் வாசிப்புக்குத் துணை செய்பவை. அவள் பெயரின் முதல் எழுத்தைக் கடைப் பலகைகளில் தேடச் சொல்லுங்கள், அந்த ஒலியில் தொடங்கும் சொற்களைச் சொல்லி விளையாடுங்கள். ஆனால் நமக்கு 247 எழுத்து. நம்முடையதைப் போலவே உயிர்மெய் வரிசை கொண்ட கன்னடத்தில் பிள்ளைகள் எழுத்து கற்பதை ஆய்வாளர் சோனாலி நாக் ஆராய்ந்தபோது, எழுத்துகள் முழுதாகப் பிடிபடத் தொடக்கப் பள்ளியில் பல வருடம் ஆவது தெரிந்தது. நான்கு வயதில் பென்சிலோடு அழவைக்க என்ன அவசரம்?

டீச்சரை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. ஒருவரே எத்தனை பிள்ளைகளோடு பேச முடியும்? நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். அங்கே கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறையும் குறைந்திருந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஹோம்வொர்க்கைப் பற்றிக் கேட்பதைவிட, வகுப்பில் இன்னொரு ஆளைப் போடச் சொல்லிக் கேளுங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்தே கேளுங்கள்.

அப்புறம், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. பிள்ளை வீட்டிலும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் 'தானாக வரும்' என்று காத்திருக்கவேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில்தான். முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.