ராப் வேகமாக ஓடுகிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்றவருக்கு

தம்பி, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது ராப் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்கிறீர்கள். காலி வீதி ஹாரன் சத்தத்தில் யாருக்குத்தான் பிடிபடும்? இரவில், வீட்டில் கேளுங்கள். முதலில் எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘த லோ எண்ட் தியரி’ ஆல்பம் (1991). நிதானமான பேச்சு, ஒரு பாடலில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே பாஸ் என்ற தாழ்ந்த ஓசை நரம்புக் கருவியை வாசிக்கிறார். சொல்லை விட்டுவிட்டு அந்த பாஸின் பின்னால் போங்கள். மறுமுறை வரிகள் தாமாகத் தெளியும். அடுத்தது ராப் பாடகர் நாஸின் ‘இல்மாட்டிக்’ (1994), 40 நிமிடம்தான். வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டால், ஓசை ஒத்த சொற்கள் வரியின் நடுவிலும் வந்து விழுவது தெரியும். தமிழில் வேண்டுமானால் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ (2006). ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்கு அவசரப்பட வேண்டாம். புலிட்சர் பரிசு வாங்கியவர்தான், ஆனாலும் தொடக்கத்துக்குக் கனம் அதிகம்.