சிறுவயதில் அடிபட்டு வளர்ந்த பிள்ளை பதின்ம வயதில் ஆபத்தைத் தேடிப் போவது ஏன்?

சிறுவயதில் தந்தையிடம் கடுமையாக அடிபட்டு, இப்போது தங்கள் பொறுப்பில் வளரும் 15 வயது அக்கா மகன் புகைபிடிப்பதையும், இரவில் வண்டியை வெறிகொண்டு ஓட்டுவதையும் சொல்லி, பழையதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு பலர் நினைப்பதுபோல் 'கெட்டுப்போன பிள்ளை' என்ற கணக்கில் அடங்குவதில்லை.

அமெரிக்காவின் சான் டியாகோவில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றி நடத்திய ஆய்வின் முதல் கட்டுரை 1998இல் வெளியானது. அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடிப்பழக்கம் முதலான வகைகளில் நான்கையோ அதற்கு மேலோ சிறுவயதில் அனுபவித்தவர்களிடம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிநோயும் போதைப் பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாகக் காணப்பட்டன. அதில் பங்கேற்றவர்கள் வயதுவந்தபின் பழையதை நினைவுகூர்ந்தவர்கள் என்ற குறை உண்டு. எனினும் குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதே திசையைத்தான் காட்டுகின்றன.

எந்த நேரத்தில் அடி விழும் என்று தெரியாத வீட்டில் வளரும் குழந்தையின் உடல், ஆபத்தை எதிர்கொள்ளும் ஏற்பாட்டை அணைக்காமலேயே வைத்திருக்கப் பழகிவிடுகிறது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலின் ஒழுங்கு குலைகிறது. அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா, கோபமான ஒரு முகத்தைக் கண்டாலே கூடுதலாகக் கிளர்கிறது. பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே பரபரப்பின் மீதான நாட்டம் முந்திக்கொள்ள, அதற்குக் கடிவாளமிடும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். அடிபட்ட பிள்ளையிடம் இந்த இடைவெளி இன்னும் அகன்றுவிடக்கூடும்.

நான் உளவள ஆலோசகராகப் பணிபுரிபவன். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்: கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியில் மட்டுமே உட்காரும் ஒரு பையன், மேசை இழுப்பறையைச் சற்று வேகமாக மூடினாலே தோள்கள் விறைத்துப்போவான். வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டபோது, "ஸ்பீடா போறப்ப மட்டும்தான் சார் தலைக்குள்ள சத்தம் அடங்குது" என்றான். நமக்குப் பிரச்சினையாகத் தெரிவது அவனுக்கு மருந்தாக இருந்தது. சிகரெட்டும் பெரும்பாலும் இப்படித்தான். நிக்கோட்டின் சில நிமிடங்களுக்குத் தரும் தணிப்பு, வேறெங்கும் தணிப்புக் கிடைக்காதவனுக்குப் பெரிது.

உடலையும் கவனியுங்கள். தூக்கமின்மை, தலைவலி, எந்தப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடாத வயிற்றுவலி ஆகியவை இப்பிள்ளைகளிடம் அடிக்கடி வருபவை; 'நடிக்கிறான்' என்று தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் அடிப்பதும், பலர் முன்னிலையில் கத்துவதும், அவன் உடல் ஏற்கெனவே அறிந்த ஆபத்தைத் திரும்ப அவன் முன் நிறுத்துவதாகவே முடியும். சாவியை வாங்கும் அதே நாளில், இரவில் தூக்கம் எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்பதைவிட அதற்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதிர்ச்சி அனுபவங்களை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) நல்ல ஆய்வு ஆதாரம் உள்ளது. அதில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள்.

மேலே சொன்ன ஆய்வை ஒட்டி இணையத்தில் உலவும் வினாத்தாளை நிரப்பி வரும் மதிப்பெண்ணை வைத்து அவன் எதிர்காலத்தைக் கணிக்க முற்பட வேண்டாம். அது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஒருவருக்கானது அல்ல என்று ராபர்ட் ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களுடன் எழுதியிருக்கிறார்.

அவன் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.