நிலாவெளிச் சாண எரிவாயுவும் ஐரோப்பியச் சான்றிதழும்: கையொப்பமிடலாமா?

கேள்வி: நிலாவெளியில் 40 மாடுகளுடன் பாற்பண்ணை நடத்துகிறேன். காலமான என் கணவருக்கு அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி அது. சாண எரிவாயுத் தொட்டி கட்டி, பக்கத்து விடுதியின் சமையலறைக்குக் குழாய் வழியாக வாயு கொடுக்கிறேன். விடுதிக்காரர் பத்து மாதமாகப் பணம் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது ஒரு நிறுவனம், எங்கள் வாயுவுக்குப் 'பசுமைச் சான்றிதழ்' எடுத்து ஐரோப்பாவில் விற்றுத் தருவதாகக் கூறி, 15 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறது. கையொப்பமிடலாமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, இந்த வடிவத்தில் கையொப்பமிடவே வேண்டாம். ஆனால் அதைவிட அவசரமானது விடுதிக் கடன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாயுவும் பொருள்தான். விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு, பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். மாதா மாதம் கணக்குப் பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், ஒவ்வொரு மாதத்துப் பணத்துக்கும் தனித்தனியாக அந்த ஓராண்டு ஓடுகிறது. முதல் மாதத்துப் பணத்தைக் கேட்க இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. உங்கள் கணக்குக் கொப்பியில் பாக்கித் தொகையை எழுதி, "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று அவரிடம் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். அந்த எழுத்து கிடைத்தால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். மறுத்தால், சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். சிறு தொகை என்றால் நீதிமன்றம் போகுமுன் இணக்கசபைக்குப் போகவேண்டி வரும். ஆகவே கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

இனி ஒப்பந்தம். ஐரோப்பாவில் இந்தச் சந்தை உண்மையாகவே இருக்கிறது. சாண எரிவாயுவிலிருந்து காபனீரொட்சைட்டையும் மற்ற அசுத்தங்களையும் நீக்கி, ஏறக்குறைய தூய மெதேனாக்கிக் குழாய் வலையமைப்பில் செலுத்துகிறார்கள். 2030க்குள் ஆண்டுக்கு 35 பில்லியன் கன மீற்றர் உற்பத்தி செய்வதை 2022இல் ஐரோப்பிய ஆணைக்குழு இலக்காக வைத்தது. டென்மார்க்கில் வலையமைப்புக்குள் போன வாயுவுக்கான சான்றிதழை ஜெர்மனியில் உள்ள தொழிற்சாலை வாங்க முடிகிறது என்றால், இரு நாடுகளும் ஒரே சட்டத்தின் கீழ், இணைந்த குழாய்களோடு இருப்பதே காரணம்.

நமக்கோ அந்த இரண்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பணிப்புரையின் 19ஆம் உறுப்புரை தெளிவாகச் சொல்கிறது: வெளிநாடு ஒன்று வழங்கும் மூலச் சான்றிதழை (எரிசக்தி புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் சான்றை) உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டுமானால், அந்த நாட்டுடன் ஒன்றியம் பரஸ்பர அங்கீகார உடன்படிக்கை செய்திருக்க வேண்டும், எரிசக்தியும் நேரடியாக ஏற்றுமதியாகவோ இறக்குமதியாகவோ வேண்டும். இலங்கையுடன் அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. நிலாவெளியிலிருந்து எந்தக் குழாயும் கடல் தாண்டவில்லை. ஆகவே அவர்கள் சொல்லும் சான்றிதழ், ஐரோப்பியச் சட்டம் ஏற்கும் மூலச் சான்றிதழாக இருக்க முடியாது.

அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். கொட்டிலில் ஒரு மாட்டுக்கு நாளைக்கு 10 கிலோ சாணம் சேர்கிறது என்று வையுங்கள். 40 மாடுகளுக்கு 400 கிலோ. அதிலிருந்து சுமார் 16 கன மீற்றர் வாயு வரும். மின்பட்டியலில் வரும் அலகுக் கணக்கில் அதன் வெப்பம் நூறு அலகுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மூலச் சான்றிதழ் என்பது 1000 அலகு. பத்துப் பதினொரு நாளைக்கு ஒரு சான்றிதழ், ஆண்டுக்கு முப்பத்தைந்து தேறினால் பெரிது. ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்படி பதிவு, பரிசோதனை, கணக்காய்வுச் செலவெல்லாம் உங்கள் பங்கில் கழிக்கப்படும். என்ன மிஞ்சும் என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள்.

என்னைக் கலங்க வைத்தது 9ஆம் பிரிவு. "இப்போதும் இனியும் உருவாகும் எல்லாச் சூழல் உரிமைகளையும்" நிறுவனத்துக்கே முழுமையாக எழுதிக் கேட்கிறார்கள். நாளைக்குக் காபன் வரவுச் சந்தை (உமிழ்வைக் குறைத்த அளவை விற்கும் சந்தை) நமக்குத் திறந்தாலும் அந்த வருமானத்தைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது. வெளிநாட்டுக்கு அத்தகைய வரவை மாற்றப் பாரிஸ் உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரையின் கீழ் இலங்கை அரசின் அனுமதி வேண்டும். அதைப் பற்றி ஒப்பந்தத்தின் 22 பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை. தொட்டியிலிருந்து வெளியேறும் சாணக் கரைசலையும் "துணைப்பொருள்" என்று சேர்த்து எழுதிக்கொண்டார்கள். 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது வெங்காயச் செய்கைக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர் நீங்கள். உரமாகும் அந்தக் கரைசலைக் கைவிடாதீர்கள்.

காணி விடயம் இன்னும் கடுமையானது. நிறுவனத்தின் இயந்திரம் நிறுத்தும் இடத்துக்கு 15 ஆண்டு குத்தகை கேட்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். சாதாரணக் கடதாசியில் போட்டுக்கொண்டால் செல்லாது. உங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி என்பதால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை மீறிக் குத்தகைக்குக் கொடுத்தால் அனுமதிப்பத்திரமே ஆபத்துக்குள்ளாகும். கணவர் காலமான பின் உங்கள் பின்னுரிமை (அவருக்குப் பின் காணி உங்களுக்கு என்பது) பதியப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், பிரதேச செயலகக் காணிப் பிரிவில் இந்த மாதமே அதைச் செய்யுங்கள்.

பிணக்கு வந்தால் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு) என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்வரும் செலவை உங்களால் தாங்க முடியாது. நீங்கள் போகாமலே அங்கு தீர்ப்பு வந்தாலும், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் அதை நிறைவேற்றும்படி நிறுவனம் இலங்கையின் மேல் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

இந்தத் தொழில் நம் மாவட்டத்தில் வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2022இல் வெற்று சிலிண்டரோடு வெயிலில் நின்ற தாய்மாரை நானும் பார்த்தேன். ஆனால் உங்கள் வாயுவுக்கான சந்தை இன்று விடுதிக்குப் போகும் அந்த 150 மீற்றர் குழாயின் மறுமுனையில் இருக்கிறது. விடுதியுடன் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். மீற்றர் பொருத்துங்கள், மாதத்தின் எந்த நாளில் பணம் என்று எழுதுங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குக் காலம் ஆறு ஆண்டு. வாயு கசிந்தால் யார் பொறுப்பு, வால்வை யார் பராமரிப்பது என்பதும் அதில் வரட்டும்.

நிறுவனம் மீண்டும் பேச வந்தால், இரண்டு ஆண்டு, உண்மையில் வழங்கப்பட்டு விற்பனையான சான்றிதழ்களுக்கு மட்டும் உரிமை, செலவு அவர்களுடையது, காணியும் கரைசலும் வெளியே, வழக்கு திருகோணமலையில், தமிழ்ப் பிரதியும் சம வலுவுடன் என்றால் நான் படித்துப் பார்க்கிறேன். அதுவரை அந்த 22 பக்கங்களின் எந்த மூலையிலும் சுருக்கொப்பம்கூட வைக்காதீர்கள். கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு இன்றே விடுதிக்குப் போய்வாருங்கள்.